எட்டு கேப்ஸ்யூலும் ஓர் ஊசியும்

ஆம்புலன்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. காலை ஏழே முக்கால் இருக்கும். நான் அப்போதுதான் டியூட்டிக்கு வந்து கேஷுவாலிட்டியில் மருந்து அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வாட்ச்மேன் அவரைத் திட்டுவதற்காக ஓடினார், அதே வேகத்தில் திரும்பி ஓடி வந்தார்.

“சிஸ்டர்! உள்ள ஒரு ஆளு மூச்சே வுட மாட்டேன்றானாம்!”

எங்கள் ஆஸ்பத்திரி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் இருந்தது. முப்பது படுக்கை. பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள், லாரியில் மோதிய பைக் ஓட்டிகள், கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று வருவார்கள். ஐசியூ என்று ஆறு படுக்கை, இரண்டு வென்டிலேட்டர். நான் மண்ணூர்க்காரி. நர்சிங் டிப்ளமோ முடித்து அங்கே மூன்றாவது வருடம். 2011 அது. சுற்றிலும் புதுப் புதுக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன, எங்களுக்கும் வேலைக்குக் குறைவில்லை.

பஸ்ஸில் ஏறினேன். கடைசிக்கு முந்தின சீட்டில், ஜன்னலோரம், நீல யூனிஃபார்மில் ஒருவர் சாய்ந்திருந்தார். முப்பது வயது இருக்கலாம். தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. இளநீரின் அடியில் ஸ்ட்ராவை வைத்து உறிஞ்சும்போது ஒரு சத்தம் வருமே, அதுபோல எப்போதாவது ஒருமுறை அவர் தொண்டையிலிருந்து வந்தது. அவ்வளவுதான் மூச்சு. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. சட்டையின் முன்பக்கம் வாந்தி.

தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வாட்ச்மேனும் டிரைவரும் நானுமாக எப்படியோ இறக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டோம். டிரைவர் கூடவே பேசிக்கொண்டு ஓடி வந்தார்.

“எல்லாரும் கேட்டாண்ட எறங்கிட்டாங்க சிஸ்டர். இவன் மட்டும் கொறட்ட வுட்டுகினு இருந்தான். ஓட்டி பாத்துட்டு தூங்குறான், பாவம், ஷெட்டாண்ட போயி எழுப்பலாம்னு வண்டிய எட்த்துகினு போயிட்டேன். அங்க போயி கைய தொட்டா சில்லுன்னு கீது…”

அவர் ‘ஓட்டி’ என்றது ஓவர்டைமை. கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள். ஏறியதும் தூங்குவார்கள், கேட்டில் யாராவது தட்டினால் எழுந்து இறங்குவார்கள். தூங்குகிறவனைப் பார்த்து யாருக்கும் எதுவும் தோன்றாது.

டியூட்டி டாக்டர் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பெண். எம்பிபிஎஸ் முடித்து எங்களிடம் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வாயில் சக்ஷன் வைத்து வாந்தியை உறிஞ்சியபடியே கண் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

“மருந்து குடிச்சிருப்பாரோ?”

எங்கள் பக்கத்தில் மருந்து குடித்தார் என்றால் பூச்சிமருந்து. அதிலும் கண்மணி இப்படித்தான் சுருங்கும். ஆனால் பூச்சிமருந்து குடித்தவரைக் கதவருகில் வரும்போதே வாடை காட்டிக்கொடுத்துவிடும். உடம்பு வேர்வையில் நனைந்து, எச்சில் நிற்காமல் ஒழுகும். இவர் உடம்பு காய்ந்துபோய் இருந்தது. வாடையும் இல்லை. நான் பேன்ட் பாக்கெட்டில் கைவிட்டேன். கம்பெனி பாஸ், ஒரு சீப்பு, மடித்த கைக்குட்டை. கைக்குட்டைக்குள் ஒரு கேப்ஸ்யூல் அட்டை. எட்டு குழி, எட்டும் காலி.

வயிற்றுப் பிடிப்புக்கும் கடும் வலிக்கும் கொடுக்கிற கேப்ஸ்யூல் அது. அபின் இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்து அதில் கலந்திருக்கும். வலியை அமுக்கும். அளவு மிஞ்சினால் ‘மூச்சு விடு’ என்று மூளை சொல்வதையும் சேர்த்து அமுக்கிவிடும். அட்டையை டாக்டரிடம் காட்டினேன். அவர் ஆம்பு பையை எடுத்து, முகமூடியை மூக்கு வாய் மூட அழுத்தி, கையால் மூச்சுக் கொடுக்கத் தொடங்கினார். எங்கள் மயக்க மருத்துவருக்கு நான் போன் போட்டு, டாக்டரின் காதில் பிடித்தேன். அவர் குரல் பெரியது. எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“முதல்ல பையை நல்லா அழுத்தும்மா. ஆக்ஸிஜன் ஏறட்டும். ஓடி என் பெட்டிலேர்ந்து நாலாக்ஸோன் எடுத்துட்டு வரச் சொல்லு. ஒரு ஆம்பூலைப் பத்து மில்லியா கரைச்சு, ஒவ்வொரு மில்லியா குடு. அவன் மூச்சு விட்டாப் போதும். எழுப்ப வேணாம், புரியுதா? எழுப்பாதீங்க. நான் கிளம்பிட்டேன்.”

நாலாக்ஸோன் அந்தக் கேப்ஸ்யூலுக்கு மாற்றுமருந்து. ஆபரேஷன் தியேட்டரில் அவர் பெட்டியில் இரண்டே இரண்டு ஆம்பூல் இருந்தன. ஒன்றை உடைத்து, உப்புநீரில் பத்து மில்லியாகக் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அதற்குள் ஆயாம்மா ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை விரலில் மாட்டியிருந்தார். அறுபத்தொன்று. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. டாக்டரின் கை சின்னக் கை. முகமூடியின் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. “சரியா சீல் ஆக மாட்டேங்குது, சிஸ்டர்,” என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது.

ஒரு மில்லி போட்டேன். மனதுக்குள் முப்பதுவரை எண்ணினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு மில்லி. ஐம்பத்தெட்டு. நாடித்துடிப்பின் பீப் சத்தத்துக்கு இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஐம்பத்துநான்கு. மருந்தை நிறுத்திவிட்டு முகமூடியை இரண்டு கையாலும் நான் பிடித்திருக்க வேண்டும். டாக்டர் பையை மட்டும் அழுத்தியிருப்பார். அதுதான் சரி. அன்று அது தோன்றவில்லை. என் கட்டைவிரல் சிரிஞ்சின் அடிவரைக்கும் போய்விட்டது. போடலாம் என்று நான் முடிவெடுத்த ஞாபகமே இல்லை. சிரிஞ்ச் காலியாக இருந்ததைப் பார்த்த ஞாபகம்தான் இருக்கிறது.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது போதாது, துள்ளி எழுந்தார். முகமூடியைத் தட்டிவிட்டார், கண்ணை அகலத் திறந்து “யாரு… யாரு நீங்க?” என்று கத்தினார், கையிலிருந்த ஊசியைப் பிடுங்கப் போனார், என் மேலேயே வாந்தி எடுத்தார். நாடி நூற்று ஐம்பதைத் தாண்டியது. முகமெல்லாம் வேர்வை. ஆனால் உதடு சிவந்துவிட்டது. ஆக்ஸிஜன் தொண்ணூற்றாறு.

வாசலில் நின்ற டிரைவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஆயாம்மா, “செத்த பொணத்த எழுப்பிட்டியேம்மா,” என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பத்து நிமிடமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

அவரை ஐசியூவுக்கு மாற்றினோம். அரை மணி நேரத்தில் தெளிந்து பேசினார். ஊர் கோவில்பட்டிப் பக்கம். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை. இரும்புத் தகடு தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது ஒன்றரை வருடம் முன்னால். கடையில் கேட்டதும் இந்தக் கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். ஒன்றில் தொடங்கியது.

“வேற எதுவும் குடிக்கல, சத்தியமா. எப்பவும் எட்டுதான்க்கா போடுவேன். இன்னைக்கும் எட்டுதான். அது எப்படி இன்னைக்கு மட்டும்…”

அதற்குள் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் வந்துவிட்டார். இன் செய்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. படுக்கை ஓரத்தில் நின்று நோயாளியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“எழுந்து உக்காந்துட்டார்ல, சிஸ்டர்? சாப்பாடு ஒத்துக்கலன்னு எழுதிக் குடுத்துடுங்க. நான் ரூம்ல கொண்டுபோய் விட்டுடறேன்.”

நோயாளியும் காலைக் கீழே போட்டார். “போயிருதேன்க்கா. ஊருக்குப் போயிட்டு வந்து இன்னைக்குத்தான் மொத நாளு. லீவு போட்டா லைன்ல வேற ஆளப் போட்டுருவாங்க.”

டியூட்டி டாக்டர் தயங்கியதை நான் பார்த்தேன். அவருக்கும் அந்தப் படுக்கை காலியாக வேண்டும்போல இருந்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். “சார், நாங்க போட்ட மருந்து கொஞ்ச நேரம்தான் நிக்கும். அவர் போட்ட கேப்ஸ்யூல் அதைவிட அதிக நேரம் உடம்புல இருக்கும். ரூமுக்குப் போய்ப் படுத்தார்னா திரும்பவும் மூச்சு நின்னுடும். நாளைக்குக் காலைலவரைக்கும் இங்கதான்.”

“எனக்கு மேல கேப்பாங்க, மேடம்.”

“கேட்டா என் நம்பர் குடுங்க.”

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நோயாளி இருமினார். வறட்டு இருமல், இரண்டு தடவை. பிறகு விடாமல். நான் திரும்பிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் தொண்ணூறு. கிளிப் நழுவியிருக்கும் என்று சரிசெய்தேன். எண்பத்தெட்டு. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“மூச்சு முட்டுதுக்கா. உள்ள தண்ணியா இருக்கு.”

எனக்குப் புரியவில்லை. மயக்கம் திரும்புகிறது என்றால் மூச்சு குறைய வேண்டும். இவர் நிமிடத்துக்கு நாற்பது தடவை மூச்சு வாங்கினார். கண்மணி சுருங்கவும் இல்லை. டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, அதை என் காதில் மாட்டினார். ஈர மணலை மிதித்து நடப்பதுபோல இரண்டு பக்கமும் நறநறவென்று சத்தம். அடுத்த இருமலில் நுரை வந்தது. வெள்ளை நுரை இல்லை. ரோஸ் மில்க்கை ஆற்றும்போது மேலே நிற்குமே, அந்த நிறம். அதைப் பார்த்த சூப்பர்வைசர் வெளியே போய்விட்டார்.

அந்த நேரத்தில் மயக்க மருத்துவரின் கார் உள்ளே நுழைந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரர், எதற்கும் அவசரப்படாத மனிதர். அன்று செருப்பைக் கழற்றாமல் ஐசியூவுக்குள் வந்தார். எண்பது, எழுபத்தாறு என்று எண் இறங்கிக்கொண்டிருக்க, தூங்கவைத்து, தொண்டையில் குழாயைச் செலுத்தி வென்டிலேட்டரில் இணைத்தார். குழாய்க்குள்ளேயும் அந்த ரோஸ் நுரை ஏறி வந்தது. உறிஞ்ச உறிஞ்ச வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும். இவருக்கு இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து வைத்ததுபோல் வெள்ளையாக இருந்தது.

“நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சு. ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. ரத்தக்குழாய்லேர்ந்து கசியுது,” என்றார். பிறகு, எதையோ தேடுகிறவர்போலக் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “நாலாக்ஸோன் எப்படிக் குடுத்தீங்க?”

டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்டது, நோயாளி விழித்தார். அவர் பொய் எழுதவில்லை. அவர் கண் முழுக்க முகமூடியில் இருந்தது, என் கையை அவர் பார்க்கவில்லை. சொன்னபடிதான் நான் போட்டிருப்பேன் என்று நம்பி எழுதினார். நர்ஸ் எழுத வேண்டிய கட்டம் இன்னும் காலியாக இருந்தது. அதை நான்தான் நிரப்ப வேண்டும்.

நான் சக்ஷன் பாட்டிலை மாற்றப் போகிறவள்போல நகர்ந்துவிட்டேன்.

டியூட்டி முடியும்வரை அந்தக் கட்டத்தை எழுதாமலே வைத்திருந்தேன். நேரம், மருந்து, அளவு, வழி. நான்கே விஷயம். மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, மருந்துப் புத்தகத்தைப் புரட்டினேன். நாலாக்ஸோன் என்ற தலைப்பின் கீழ், பக்கவிளைவுகளில், ஒரு வரி. நுரையீரலில் நீர் கோத்தல், அரிது. அந்த ‘அரிது’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அடுத்த ஷிப்ட் சிஸ்டர் வந்து நின்றபோது எழுதினேன். முதலில் இரண்டு மில்லி, மீதி எட்டு மில்லியும் ஒரே தடவையில். கையெழுத்துப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டுபோய் மயக்க மருத்துவரிடம் காட்டினேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

“சார், என்னாலதான் இப்படி ஆச்சா?”

“தெரியாதும்மா.” கண்ணாடியைக் கழற்றினார். “அந்தக் கேப்ஸ்யூலே இதைச் செய்யும். தொண்டை அடைச்சுக்கிட்டு இருக்கும்போது அவன் இழுத்து இழுத்து மூச்சு விட்டிருக்கான்ல, அதனாலயும் வரும். உடம்புல கரியமில வாயு ஏறிக் கிடக்கும்போது டக்குனு எழுப்பினா, உடம்பு மிரண்டு போயும் வரும். மூணும் இவனுக்கு நடந்திருக்கு. எது எவ்வளவுன்னு நான் பிரிச்சுச் சொன்னா, அது பொய்.”

“மெதுவா போட்டிருந்தா?”

“வந்திருக்காமலும் இருக்கலாம். மெதுவா போட்டு, அதுக்குள்ள ஹார்ட் நின்னும் போயிருக்கலாம். எழுதினது சரி. நாளைக்கு நேரத்துக்கு வந்துடு.”

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். டியூட்டி டாக்டர் அதைப் படித்த பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் எழுதியதும் நான் எழுதியதும் ஒரே தாளில் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் நோயாளியின் மனைவி ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். இடுப்பில் ஒரு வயதுப் பெண்குழந்தை, கூட அவருடைய அம்மா. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்தார். உள்ளே வரச் சொல்லி அழைத்துப்போய், அந்தக் குழாய் எதற்கு, இந்தச் சத்தம் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எட்டு கேப்ஸ்யூல் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. ஒன்றரை வருடமாகத் தினமும் சாப்பிட்டிருக்கிறார் என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

“ஊர்ல கோயில் கொடைக்கு பதினஞ்சு நாளு வந்திருந்தாகளே. காப்பு கட்டிட்டு விரதமா இருந்தாக. ஒரு மாத்திரைகூடப் போடலையே…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“மொத மூணு நாளு சரியான காய்ச்சலு. கண்ணுலயும் மூக்குலயும் தண்ணியா ஊத்துச்சு. வயித்தால போச்சு. கை காலெல்லாம் முறுக்குது, முறுக்குதுன்னு தூக்கமே இல்ல. நான் மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன். அது காய்ச்சல் இல்லையாக்கா?”

“இல்லைம்மா. அந்தக் கேப்ஸ்யூல் இல்லாம உடம்பு பட்ட பாடு அது.”

“அதுக்கப்புறம் நல்லா இருந்தாக. நல்லாச் சாப்பிட்டாக. பிள்ளையத் தூக்கிக்கிட்டு தேர் பாக்கப் போனாக. இடுப்பு வலிக்குன்னு மட்டும் சொன்னாக. கல்யாணத்துக்கு முந்தி பாத்த ஆளு திரும்பி வந்துட்டாகன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொன்னேன்.”

அப்போதுதான் எனக்கு அது முழுசாகப் புரிந்தது. அந்தப் பதினைந்து நாளில் அவர் உடம்பு அந்த மருந்தை மறந்துவிட்டது. தினமும் எட்டைத் தாங்கிய உடம்புக்கு இப்போது எட்டு என்பது விஷம். அவருக்கு அது தெரியாது. முதல் நாள் வேலை, பத்து மணி நேரம் நிற்க வேண்டும், இடுப்பு தாங்காது என்று பழைய கணக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். குணமாகிக்கொண்டிருந்ததுதான் அவரைக் கொல்லப் பார்த்தது. இதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. பஸ்ஸில் மயங்கிக் கிடந்தபோது வாந்தி உள்ளே போயிருந்தது, வலது நுரையீரலில் கிருமி பிடித்துக்கொண்டது. முதலில் கோத்த நீர் வடிவதற்குள் இது சேர்ந்தது. நான்காம் நாள் காலை, முழு ஆக்ஸிஜன் கொடுத்தும் எண்பத்துநான்குக்கு மேல் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

“இந்த அளவுல வண்டியில ஏத்தினா பூந்தமல்லி தாண்ட மாட்டான்,” என்றார் மயக்க மருத்துவர். பிறகு என்னிடம், “குப்புறப் போடலாம்,” என்றார்.

அதை நான் பார்த்ததே இல்லை. மல்லாக்கப் படுத்திருக்கும்போது முதுகுப் பக்க நுரையீரல் நசுங்கிக் கிடக்கும். குப்புறத் திருப்பினால் அது விரியும், ஆக்ஸிஜன் ஏறலாம். ஏறாமலும் போகலாம். திருப்பும்போது தொண்டைக் குழாய் ஒரு விரற்கடை நழுவினால் அத்தோடு முடிந்தது. அவர் சென்னையில் வேலை பார்த்தபோது சில தடவை செய்திருக்கிறார். எங்களில் வேறு யாரும் செய்ததில்லை.

மனைவியைக் கூப்பிட்டு அவரே விளக்கினார். அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டார். “செய்யாட்டி?”

“இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்கூட என்னால உறுதி சொல்ல முடியாதும்மா.”

“அப்ப செய்யுங்க.”

ஆறு பேர் நின்றோம். தலைமாட்டில் மயக்க மருத்துவர், குழாயை இரண்டு விரலால் உதட்டோடு சேர்த்துப் பிடித்தபடி. ஒரு பக்கம் நானும் லேப் டெக்னீஷியனும். மறுபக்கம் ஆயாம்மாவும் ஆம்புலன்ஸ் டிரைவரும். கால்மாட்டில் யார் என்று பார்த்தேன். டியூட்டி டாக்டர். அன்று அவருக்கு விடுமுறை. ஒருநாளும் இல்லாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் “சிஸ்டர், அந்த டிரிப் லைன் உங்க பக்கம் மாட்டிக்கும், தூக்கிப் பிடிங்க,” என்றார்.

“நான் மூணு சொன்னதும் ஓரத்துக்கு இழுக்கணும். அடுத்த மூணுக்கு ஒருக்களிக்கணும். அதுக்கு அடுத்த மூணுக்குத்தான் குப்புற. நடுவுல யாரும் அவசரப்படாதீங்க. எது ஆனாலும் நான் சொல்லாம கைய விடாதீங்க.”

ஒன்று, இரண்டு, மூன்று. இழுத்தோம். எண்பத்திரண்டு. மறுபடி மூன்று. ஒருக்களித்தார். அவர் எடை முழுக்க என் முழங்கையில் இறங்கியது. வென்டிலேட்டர் அலறியது. எழுபத்தெட்டு. “குழாய் சரியா இருக்கு. நிக்காதீங்க,” என்றார். மறுபடி மூன்று. புரட்டினோம். நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று, முகம் ஒரு பக்கமாக. எழுபத்தொன்று. அறுபத்தொன்பது.

ஆயாம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண் நான், ஆனால் அன்று ஒரு வார்த்தை வரவில்லை. அறுபத்தொன்பது, அறுபத்தொன்பது. அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பஸ்ஸில் வந்த அன்று நான் அவசரப்பட்டதும் இந்த எண்ணைப் பார்த்துத்தான்.

“திருப்பிடலாமா சார்?” என்றார் டியூட்டி டாக்டர்.

“இரும்மா.”

எழுபத்திரண்டு ஆனது. வெகுநேரம் எழுபத்திரண்டிலேயே நின்றது. பிறகு எழுபத்தைந்து. சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிருந்தது, எண்பத்தொன்று. பதினோரு மணிக்கு எண்பத்தெட்டு. மதியம் ஒன்றரைக்குத் தொண்ணூற்றுமூன்று. மயக்க மருத்துவர் ஆக்ஸிஜனைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஒரு டீ சொல்லச் சொன்னார். டியூட்டி டாக்டர் என் பக்கம் வந்து, “உங்க முழங்கை கன்னிப்போச்சு, ஐஸ் வைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மறுபடி பேசத் தொடங்கினோம்.

மூன்று நாள் அப்படிக் குப்புறவும் மல்லாக்கவும் மாற்றி மாற்றிப் போட்டோம். பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பிள்ளையைக் கேட்டார். தொற்று பயத்தில் குழந்தையை உள்ளே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே தூக்கிக் காட்டினோம். அவர் கையை உயர்த்தப் பார்த்தார். பாதிவரைதான் வந்தது.

அந்த வாரம்தான் அவர் மனைவியிடம் நான் சொன்னேன். யாரும் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நர்சிங் மேலதிகாரி சொன்னார். வார்டுக்கு வெளியே பெஞ்சில், அந்தப் பெண் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். மெதுவாகப் போட வேண்டிய ஊசியை நான் ஒரே தடவையில் போட்டேன், நுரையீரலில் நீர் கோத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றேன்.

இட்லி வைத்திருந்த கை நின்றது.

“இதை ஏன் மொத நாளே சொல்லல?”

“பயந்துட்டேம்மா.”

“நான் உங்களத்தான் சாமி மாதிரி நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

இரண்டு நாள் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் கஞ்சி கொண்டுபோனால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த சிஸ்டர் வந்ததும் அவர் கையால் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் என்னைத் தேடி வந்தார். மன்னித்துவிட்டேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. “அந்த மூச்சுப் பயிற்சிய நீங்க சொல்லிக்குடுக்கறப்பதான் அவுக ஒழுங்காச் செய்யுதாக. வாங்க,” என்றார். போனேன். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பாவின் குழாயில் அவர் கணவர் உறிஞ்ச, ஒரு பந்து மட்டும் எழும்பி விழுந்தது.

இருபத்தோராம் நாள் வீட்டுக்குப் போனார். தெரிந்த ஒருவர் மூலம் கோவில்பட்டியிலேயே இந்தப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரை விசாரித்து எழுதிக் கொடுத்தோம். கம்பெனி பஸ் டிரைவர் அன்று பார்க்க வந்திருந்தார். இருபது நிமிடம் நோயாளியை ஷெட்டுக்கு ஓட்டிப்போனது அவர் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. “இப்பல்லாம் கேட்டாண்ட கடைசி ஆளு எறங்கறவரைக்கும் நானே எழுந்து போயி ஒவ்வொரு சீட்டா தட்டிப் பாக்கறேன் சிஸ்டர். சில பேரு திட்றான். திட்டட்டும்,” என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவர் பரிசோதனைக்கு வந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. மாடி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது என்றார். எக்ஸ்ரேயில் பஞ்சு போய்விட்டது, வலது பக்கம் அடியில் ஒரு தழும்பு மட்டும். கேப்ஸ்யூலைத் தொடவில்லை என்றார், மனைவியும் தலையசைத்தார். ஊசி விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. நான் அதைப் பேச வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

“அதை விடுங்கக்கா. ஒண்ணு கேக்கணும்.” இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். “கேப்ஸ்யூல் போடாதன்னு எல்லாரும் சொல்லுதீங்க. சரி. இந்த வலிய என்ன செய்ய?”

ஒன்றரை வருடமாக அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. இருபத்தொரு நாள் எங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, ரத்தம், சளி, சிறுநீர் எல்லாம் பரிசோதித்தோமே, அந்த முதுகை ஒருவரும் ஒரு படம் எடுத்துப் பார்க்கவில்லை. குப்புறப் போட்டு மூன்று நாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

அன்றே எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அபின் கலக்காத மாத்திரை, பிசியோதெரபி, பாரம் தூக்கக் கூடாது. பாரம் தூக்காத வேலை அந்தக் கம்பெனியில் இல்லை. ஊரிலேயே தங்கி, மாமனாரின் தீப்பெட்டி குடோனில் சரக்கைக் குறித்துக்கொள்ளும் வேலை பார்த்தார் என்று அடுத்த முறை வந்தபோது சொன்னார். அதற்கப்புறம் வரவில்லை. நானும் 2014இல் கல்யாணமாகி வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.